ரி.எஸ்.எச் கூடினால் தைரொயிட் கூடிவிட்டதா?

உங்கள் கேள்வியை ஒருக்கா என் வசனத்தில் சொல்லிவிடுகிறேன், பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். வெள்ளவத்தையில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 58 வயது. கொஞ்ச நாளாகக் களைப்பும் மலச்சிக்கலும் என்று இரத்தம் சோதித்ததில் ரி.எஸ்.எச் 8.6 என்றும் ஃபிரீ ரி-4 14 என்றும் வந்திருக்கிறது. ரி.எஸ்.எச்சுக்குப் பக்கத்தில் ‘கூட’ என்று அடையாளம் போட்டிருக்கிறார்கள். டொக்டர் தைரொக்சின் 25 மைக்ரோகிராம் குளிசை எழுதித் தந்திருக்கிறார். “தைரொயிட் கூடியிருக்கு என்று ரிப்போர்ட் சொல்லுது, பிறகேன் தைரொயிட் குளிசையையே தந்தார், மாறி எழுதிவிட்டாரா?” என்பதுதான் உங்கள் முதற் பயம். அயடீன் உப்பை நிறுத்து என்று மாமி சொல்கிறார், கோவாவும் மரவள்ளியும் கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், கடைசியில் ‘இது எனக்கும் வருமா’ என்று ஒரு வரி. இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: இந்த ஓமோனை உடம்பு எப்படிச் செய்கிறது, போதுமா போதாதா என்று யார் தீர்மானிக்கிறார்கள்?

நான் வைத்தியர் இல்லை. உயிரிரசாயனம் படித்து, கொழும்பில் ஆய்வுகூடங்களின் ஓமோன் பரிசோதனைப் பகுதியில் வேலை செய்தே தலை நரைத்தவன். ஒரு இலக்கம் எப்படி வருகிறது, எதனால் பிழைக்கும், உடம்பில் அதன் பின்னால் என்ன நடக்கிறது என்பதைத் தெம்பாகச் சொல்வேன். உங்கள் அம்மா குளிசை குடிக்க வேண்டுமா என்பதை அவரைத் தொட்டுப் பார்த்த டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். டொக்டர் மாறி எழுதவில்லை. ரி.எஸ்.எச் என்பது தைரொயிட் சுரப்பி செய்யும் பொருளே இல்லை. மூளைக்கு அடியில் கடலையளவில் தொங்கும் கபச்சுரப்பி செய்து அனுப்புவது அது. ‘வேலை செய்’ என்று தைரொயிட்டுக்குப் போகும் கட்டளை. காலையில் பள்ளிக்கூடத்துக்கு எழும்பாத பிள்ளையை அம்மா முதலில் மெதுவாகக் கூப்பிடுவார், பிறகு குசினியிலிருந்து குரலை உயர்த்துவார், பிறகு பக்கத்து வீட்டுக்கே கேட்கும். குரல் உயர்ந்திருக்கிறது என்றால் பிள்ளை எழும்பவில்லை என்றுதான் பொருள். 8.6 என்பது அந்தக் குரலின் அளவு. சுரப்பி மந்தமாகிவிட்டதால் கபச்சுரப்பி சத்தம் போடுகிறது. அந்தக் குறையை நிரப்பத்தான் தைரொக்சின் குளிசை. தைரொயிட் அளவுக்கு மீறி வேலை செய்யும்போது நடப்பது நேர்மாறு: ரி.எஸ்.எச் 0.01 போல அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ரிப்போர்ட் வாங்க வருபவர்களில் பாதிப்பேர் கவுண்டரிலேயே “கூடியிருக்கா குறைஞ்சிருக்கா?” என்று கேட்பார்கள். அந்தத் தாளில் இருப்பதை ஒற்றைச் சொல்லில் சொல்லப் போனால் யாரும் குழம்பத்தான் செய்வார்கள்.

இனிச் சுரப்பிக்குள் போவோம். பள்ளிக்கூடத்தில் கேடயச் சுரப்பி என்று படித்திருப்பீர்கள். குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் முன்பக்கத்தை அணைத்தபடி இரண்டு சோணைகளாக இருக்கும், வளர்ந்தவர்களில் 15 முதல் 25 கிராம் வரை நிறை. அதை மெல்லியதாகச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உருண்டை உருண்டையான சின்னப் பைகள் தெரியும். ஒவ்வொரு பைக்கும் ஒற்றை வரிசைக் கலங்களால் சுவர், நடுவில் தடித்த கூழ். மற்ற ஓமோன் சுரப்பிகள் பெரும்பாலும் செய்ததைக் கலத்துக்குள்ளேயே சின்னச் சின்னப் பொதிகளாக வைத்திருக்கும், அல்லது செய்தவுடனே அனுப்பிவிடும். தைரொயிட் மட்டும் கலத்துக்கு வெளியே, அந்தக் கூழில், மாதக்கணக்குக்குப் போதுமானதைச் சேர்த்து வைக்கிறது. எனக்கு இந்தச் சுரப்பி மேல் பிடிப்பு வந்ததே இந்தக் களஞ்சியத்தால்தான்.

ஏன் சேர்த்து வைக்க வேண்டும்? மூலப்பொருள் அரிது. தைரொயிட் ஓமோனுக்கு அயடீன் இல்லாமல் முடியாது. ரி-4 என்ற அந்த ஓமோன் மூலக்கூறின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அயடீன்தான். சாப்பாட்டில் அது இன்றைக்கு வரும், நாளைக்கு வராது. இரத்தத்தில் ஓடுவதோ அற்ப அளவு. ஆகவே பைச் சுவரிலுள்ள கலங்கள், சோடியம் கலத்துக்குள் பாய்கிற வேகத்தைப் பயன்படுத்தி அயடைட்டை, அதாவது இரத்தத்தில் ஓடும் வடிவிலுள்ள அயடீனை, கூடவே இழுத்துக்கொள்கின்றன. சாதாரண நிலையில் இரத்தத்தில் இருப்பதைப் போல 20 முதல் 40 மடங்கு செறிவுவரை உள்ளே சேர்த்துவிடும். அப்படி வந்த அயடைட்டு கலத்தைத் தாண்டிக் கூழின் விளிம்புக்குப் போகிறது. அங்கே தைரோகுளோபியூலின் என்ற பிரமாண்டமான புரதம் காத்திருக்கிறது. அதில் ஆங்காங்கே தைரோசின் என்ற அமினோவமிலம். தைரொயிட் பேரொட்சிடேசு என்ற நொதியம், ஐதரசன் பேரொட்சைட்டின் உதவியோடு, அயடைட்டை ஒட்சியேற்றி அந்தத் தைரோசின்களில் கொண்டுபோய்ப் பொருத்துகிறது. ஆமாம், புண் கழுவும் மருந்தாகப் பாமசியில் விற்கும் அதே பேரொட்சைட்டுதான். அதைச் சுரப்பி தானே செய்து தானே செலவழிக்கிறது.

சில தைரோசின்களில் ஓர் அயடீன் ஏறும், சிலவற்றில் இரண்டு. இரண்டு ஏறியவை இரண்டு சோடி சேர்ந்தால் நான்கு அயடீன், அதுதான் ரி-4, தைரொக்சின். இரண்டு ஏறியதும் ஒன்று ஏறியதும் சேர்ந்தால் மூன்று, அது ரி-3. இவ்வளவும் நடப்பது புரதச் சங்கிலியில் ஒட்டியபடியே. ஓமோன் ஆயத்தமாகிவிட்டது, ஆனால் இன்னும் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. கபச்சுரப்பியின் கட்டளை வந்து கலத்தின் மேலுள்ள வாங்கியில் ஒட்டினால், கலம் கூழிலிருந்து துளித்துளியாக விழுங்கி, புரதத்தை உள்ளே சமிக்கச் செய்து, ரி-4ஐயும் கொஞ்சம் ரி-3ஐயும் இரத்தத்துக்குள் விடுகிறது. சோடி சேராமல் மிஞ்சிய துண்டுகளிலிருந்து அயடீனைக் கழற்றி மறுபடி பாவிக்கும். இந்த அளவுக்குச் சிக்கனமான இடம் உடம்பில் வேறு உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

கூழில் இருக்கும் சேமிப்பு இரண்டு மூன்று மாதங்களுக்குக் காணும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பல விஷயம் விளங்கும். தைரொயிட் கூடிப்போனவர்களுக்குக் காபிமசோல் கொடுத்தால் ஏன் அடுத்த நாளே நெஞ்சுப் படபடப்பு அடங்குவதில்லை? அந்த மருந்து பேரொட்சிடேசைத்தான் மறிக்கிறது, புதுச் செய்கையை நிறுத்துகிறது. ஏற்கனவே செய்து வைத்தது கரைந்து முடிய வாரக்கணக்கில் எடுக்கும். அதே காரணத்தால், இன்றைக்கு உப்பை மாற்றினால் அடுத்த கிழமை ரிப்போர்ட்டில் தெரியும் என்று எதிர்பார்ப்பதும் வீண்.

இரத்தத்துக்கு வந்த ரி-4 உடனே வேலை செய்யாது. நாளொன்றுக்குச் சுமார் 80 முதல் 100 மைக்ரோகிராம் ரி-4 வெளியே போகிறது. உண்மையில் கலங்களின் கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குவது பெரும்பாலும் ரி-3. உடம்பின் ரி-3இல் ஐந்தில் ஒரு பங்குதான் சுரப்பியிலிருந்து நேரே வருவது, மிச்சமெல்லாம் ஈரல், சிறுநீரகம், தசை போன்ற இடங்களில் ரி-4இலிருந்து ஓர் அயடீனைக் கழற்றிச் செய்வது. கழற்றும் நொதியங்கள் செலனியம் உள்ளவை. எந்த அயடீனைக் கழற்றுவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெளி வளையத்தில் கழற்றினால் வீரியமான ரி-3. உள் வளையத்தில் கழற்றினால் ஒன்றுக்கும் உதவாத மறு ரி-3. கடும் காய்ச்சல், பெரிய சத்திரசிகிச்சை, பட்டினி போன்ற வேளைகளில் உடம்பு இரண்டாவது பக்கம் சாய்ந்து, செலவைக் குறைத்துக்கொள்ளும். டெங்குவோடு வார்ட்டில் படுத்திருப்பவருக்குத் தைரொயிட் சோதித்தால் ரி-3 குறைந்து, சிலவேளை ரி.எஸ்.எச்சும் தாறுமாறாகத் தெரிவது இதனால். அது தைரொயிட் நோய் ஆகாது. அவசரக் காரணம் இல்லையென்றால் எழும்பி ஆறேழு கிழமை கழித்துச் சோதிப்பதே சரி.

ரிப்போர்ட்டில் ‘ஃபிரீ’ என்று ஏன் போடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரத்தத்திலுள்ள ரி-4இல் 99.97 வீதம் புரதங்களில் ஒட்டித்தான் பயணிக்கிறது. ஒட்டாமல் சுயாதீனமாக நிற்கும் அந்தச் சொட்டுத்தான் கலத்துக்குள் போக முடியும். கர்ப்பத்திலும் குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கும்போதும் காவிப் புரதம் கூடும், அப்போது மொத்த ரி-4 ஏறும், ஃபிரீ ரி-4 ஏறாது. ஆகவே மொத்தத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதற்காக ஃபிரீயை அளக்கிறோம்.

இனிக் கட்டுப்பாடு. கபச்சுரப்பிக்கும் மேலே பரிவகக்கீழ் என்ற மூளைப்பகுதி இருக்கிறது. அது ரி.ஆர்.எச் என்ற மூன்றே மூன்று அமினோவமிலங்கள் கொண்ட சின்னத் துணுக்கைக் கபச்சுரப்பிக்கு அனுப்பும். அதன் கட்டமைப்பை 1969இல் ரொஜர் கியமனின் குழுவும் அன்ட்ரூ ஷாலியின் குழுவும் போட்டிபோட்டுக் கண்டுபிடித்தன. ஆயிரக்கணக்கான அல்ல, இலட்சக்கணக்கான ஆட்டு, பன்றி மூளைத் துண்டுகளிலிருந்து மில்லிகிராம் கணக்கில் பிரித்தெடுத்த வேலை அது. 1977இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். பரிவகக்கீழ் தூண்ட, கபச்சுரப்பி ரி.எஸ்.எச்சை விட, தைரொயிட் ரி-4ஐ விட, அந்த ரி-4 திரும்பி மேலே போய் இரண்டு பேரையும் அடக்குகிறது. கபச்சுரப்பி தன் கலங்களுக்குள்ளேயே ரி-4ஐ ரி-3ஆக மாற்றித்தான் ‘போதும்’ என்று உணர்கிறது. இரத்தத்தில் ரி-4 சற்றே குறைந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும்.

இங்கேதான் உங்கள் அம்மாவின் ரிப்போர்ட் விளங்கும். ரி-4க்கும் ரி.எஸ்.எச்சுக்கும் இடையிலான தொடர்பு சமவிகிதத்தில் ஓடுவதில்லை. ஃபிரீ ரி-4 பாதியாக விழுந்தால் ரி.எஸ்.எச் நூறு மடங்குவரை ஏறலாம் என்பது பாடநூல்களில் நீண்டகாலமாக இருக்கும் கணக்கு. அளவு முழுக்க அப்படி நேர்த்தியாக இல்லை, வயதோடும் ஆளோடும் வளைகிறது என்று பின்னைய ஆய்வுகள் காட்டுகின்றன. எப்படியிருந்தாலும் திசையில் சந்தேகமில்லை: ரி-4இல் சின்ன அசைவு, ரி.எஸ்.எச்சில் பெரிய அசைவு. அதனால் ஃபிரீ ரி-4 இன்னும் ஆய்வுகூட எல்லைக்குள் 14இல் நிற்கும்போதே ரி.எஸ்.எச் 8.6க்குப் போய்விட்டது. ஒருவேளை அம்மாவின் சொந்த, பழைய அளவு 17ஆக இருந்திருக்கலாம். ஆய்வுகூட எல்லை என்பது ஆயிரம் பேரின் எல்லை, ஒவ்வொருவருடைய உடம்புக்கும் அதற்குள் ஒரு குறுகிய சொந்த எல்லை இருக்கிறது. கபச்சுரப்பிக்குத் தெரிவது அந்தச் சொந்த எல்லை. டொக்டர்மார் இந்த நிலையை நோய் வெளியே தெரியாத தைரொயிட் குறைவு என்பார்கள்.

சரி, சுரப்பி ஏன் மந்தமாகிறது? அயடீன் காணும் இடங்களில் முதற் காரணம், உடம்பின் நோயெதிர்ப்பே சுரப்பியைத் தாக்குவது. 1912இல் ஜப்பானியச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹக்காரு ஹஷிமோட்டோ நான்கு பெண்களின் சுரப்பிகளை விவரித்து எழுதினார், நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மேலே சொன்ன பேரொட்சிடேசுக்கு எதிரான பிறபொருளெதிரிகளை இரத்தத்தில் அளக்கலாம். உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் அது இல்லை. டொக்டரிடம் கேட்கக்கூடிய நல்ல கேள்வி அது.

குளிசை தேவையா என்ற இடத்துக்கு வரும்போது உறுதியான தரை முடிகிறது. ரி.எஸ்.எச் 10க்கு மேல் போனால் பெரும்பாலான வைத்தியர்கள் கொடுப்பார்கள். 4க்கும் 10க்கும் இடையில் கருத்து பிரிகிறது. இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் ஊர்மக்களை 20 வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், ரி.எஸ்.எச் கூடி, பிறபொருளெதிரிகளும் இருந்த பெண்களில் வருடத்துக்கு 4.3 வீதம் பேர் முழுமையான குறைவுக்குப் போனார்கள். ரி.எஸ்.எச் மட்டும் கூடியவர்களில் 2.6 வீதம். மறுபக்கத்தில், 2017இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்று 65 வயதைத் தாண்டிய 737 பேரில் தைரொக்சினையும் வெற்றுக் குளிசையையும் ஒப்பிட்டது. களைப்பிலோ மற்ற அறிகுறிகளிலோ வித்தியாசம் இல்லை. அம்மாவுக்கு 58, ஆகவே அந்த முடிவை அப்படியே தூக்கி அவருக்குப் பொருத்த முடியாது. 8.6 அந்த 4-10 இடைவெளியின் மேல்பக்கத்தில் நிற்கிறது, அறிகுறியும் இருக்கிறது, சின்ன அளவில் தொடங்கிப் பார்ப்பது நியாயமான முடிவு. இரண்டு மூன்று மாதம் பொறுத்து மறுபடி சோதித்துப் பார்ப்பதும் நியாயம்தான், ஏனென்றால் இந்த இடைவெளியில் இருப்பவர்களில் கணிசமானோருக்கு அது தானாகவே இறங்கிவிடுவதுண்டு. களைப்பு முழுக்கத் தைரொயிட்டால்தானா என்பதும் சந்தேகமே. அந்த வயதில் இரத்தசோகை, நீரிழிவு, நித்திரைக் குறைவு, மனச்சோர்வு எல்லாமே இதே முகத்தோடு வரும். உடல் பருமனுக்கும் இதையே சொல்வேன்: தைரொயிட் குறைவால் ஏறும் நிறை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நல்ல பங்கு உப்பும் நீரும்.

குளிசை செயற்கை, வெளிப்பொருள் என்ற பயம் வேண்டாம். 1891இல் நியூகாசிலில் ஜோர்ஜ் மரே என்ற வைத்தியர், தைரொயிட் முற்றாகச் செத்துப்போய் முகம் வீங்கி மந்தமாகிக் கிடந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைரொயிட்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் பிறகு 28 வருடம் வாழ்ந்தார். 1914 நத்தார் தினத்தில் எட்வர்ட் கெண்டல் தைரொக்சினைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார், 1920களில் சார்ள்ஸ் ஹரிங்டன் அதன் கட்டமைப்பை நிறுவி ஆய்வுகூடத்தில் செய்தும் காட்டினார். இன்றைக்குப் பாமசியில் கிடைக்கும் குளிசையிலுள்ள மூலக்கூறும் உங்கள் கழுத்தில் உண்டாகும் மூலக்கூறும் ஒன்றே. ரி-4ஐ மட்டும் கொடுத்தால் போதுமா, ரி-3யும் சேர்க்க வேண்டுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பெரும்பாலான ஒப்பீட்டு ஆய்வுகளில் சேர்ப்பதால் மேலதிக நன்மை தெரியவில்லை, ஆனால் ரி-4 எடுத்தும் சுகமில்லை என்று சொல்லும் ஒரு சிலர் எப்போதும் இருக்கிறார்கள், அவர்களைப் பொய்யர் என்று சொல்ல நான் தயாரில்லை.

குளிசையை எப்படிக் குடிக்கிறார் என்று பாருங்கள், பாதி முறைப்பாடுகள் அங்கேதான். எழும்பியதும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. பிறகு அரைமணி முதல் ஒரு மணிநேரம் எதுவும் இல்லை. நம் வீடுகளில் கண் விழித்தவுடன் தேத்தண்ணி இல்லாமல் நாள் தொடங்காது, அதிலும் பால்தேத்தண்ணி. குளிசையை வாயில் போட்டு அதையே குடித்து விழுங்குவார்கள். அப்படிச் செய்தால் உறிஞ்சப்படுவது குறையும். இரும்புச்சத்துக் குளிசை, கல்சியம் குளிசை எடுக்கிறார் என்றால் நான்கு மணிநேர இடைவெளி வேண்டும். ரி-4இன் அரைவாழ்வு ஏறக்குறைய ஏழு நாள், ஆகவே ஓர் அளவைத் தொடங்கினால் இரத்தம் சமநிலைக்கு வர ஐந்தாறு கிழமை எடுக்கும். பத்தாம் நாளில் ‘கொஞ்சம் பார்ப்போம்’ என்று சோதிக்கப் போவது காசுக்குக் கேடு. ஆறு முதல் எட்டுக் கிழமை.

சோதிக்கும்போது இரண்டொரு விஷயம். ரி.எஸ்.எச் நாள் முழுவதும் ஒரே அளவில் இராது, நள்ளிரவுக்குப் பிறகு உச்சம், பிற்பகலில் அடி. ஒருமுறை காலை ஏழு மணிக்கும் அடுத்தமுறை வேலை முடிந்து மாலையிலும் இரத்தம் கொடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிட வேண்டாம். அதே ஆய்வுகூடம், அதே நேரம். ஃபிரீ ரி-4 சில இடங்களில் லீற்றருக்குப் பிக்கோமோல் என்றும் சில இடங்களில் டெசிலீற்றருக்கு நானோகிராம் என்றும் வரும். உங்கள் அம்மாவின் 14ஐ மற்ற அலகில் எழுதினால் ஏறக்குறைய 1.1. ‘14 இருந்தது 1.1க்கு இறங்கிவிட்டது’ என்று அழுதுகொண்டு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். இன்னொன்று, தலைமயிருக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் குளிசை. நாங்கள் பாவிக்கும் சில பரிசோதனை முறைகளில் பயோட்டினே ஒரு கொக்கி. இரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் கருவி ஏமாந்து ரி.எஸ்.எச்சைக் குறைத்தும் ரி-4ஐக் கூட்டியும் காட்டும், நல்ல சுகதேகி தைரொயிட் கூடியவர் போலத் தெரிவார். இரத்தம் எடுக்க இரண்டு நாளுக்கு முன் நிறுத்திவிட்டு, எடுத்தது பற்றி அங்கே சொல்லுங்கள்.

ரி.எஸ்.எச்சையே நம்ப முடியாத நிலையும் உண்டு. கபச்சுரப்பி தானே கெட்டுப்போனால், உதாரணமாகப் பிரசவத்தில் பெருமளவு இரத்தம் போய் அது பாதிக்கப்பட்டால், கட்டளை போடவே ஆள் இல்லை. அப்போது ரி-4 தரையில் கிடக்கும், ரி.எஸ்.எச் ‘சரி’ என்று காட்டும். அரிது, உங்கள் அம்மாவின் இலக்கங்கள் அப்படி இல்லை, ஆனால் ரி.எஸ்.எச் மட்டும் போதும் என்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

இனி மாமியின் உப்பு. வளர்ந்தவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயடீன் வேண்டும், கர்ப்பிணிகளுக்கு 250. கிலோவுக்கு 20 மில்லிகிராம் அயடீன் உள்ள உப்பென்றால், 5 கிராம் உப்பில் 100 மைக்ரோகிராம். மீனும் முட்டையும் பாலும் மிச்சத்தைத் தரும். நம் நாட்டின் ஈரவலயம், கொழும்பு முதல் காலி வரையும் மலைநாட்டுப் பக்கமும், ஒரு காலத்தில் கழுத்துக் கழலைக்குப் பேர்போனது. மழை மண்ணின் அயடீனைக் கழுவிக்கொண்டு போகிறது என்பது வழமையான விளக்கம். மண்ணில் அயடீன் இருந்தும் களியும் சேதனப் பொருளும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், இரண்டும் சேர்ந்துதான் இருக்கும் என்று நினைக்கிறேன். 1995இல் சாப்பாட்டு உப்பு முழுவதிலும் அயடீன் சேர்ப்பது சட்டமானது. அதன் பிறகு பள்ளி மாணவிகளில் தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் அதிகம் காணப்படுகின்றன, அயடீன்தான் காரணமா என்று கேள்வி எழுப்பிய ஆய்வும் வந்தது. மாமியின் காதுக்கு எட்டியது அதன் எதிரொலியாக இருக்கலாம். அயடீன் திடீரென்று கூடினால் தன்னெதிர்ப்புத் தைரொயிட் நோய் சற்றுக் கூடலாம் என்பதை வேறு நாடுகளிலும் கண்டிருக்கிறார்கள். ஆனால் சமையலுப்பை நிறுத்தினால் அம்மாவின் சுரப்பி குணமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நிறுத்தினால் அதே சட்டியில் சாப்பிடும் நீங்களும் சின்னப் பிள்ளைகளும் அயடீன் இல்லாமல் நிற்பீர்கள். உப்பைக் குறைக்க வேண்டும் என்றால் பிரஷருக்காகக் குறையுங்கள்.

பயப்பட வேண்டிய அயடீன் வேறு இடத்தில் இருக்கிறது. தைரொயிட்டுக்கு நல்லது என்று இணையத்தில் விற்கும் கடற்பாசி மாத்திரைகளை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அளவுக்கு மீறி அயடீன் வந்தால் சுரப்பி ஓமோன் செய்வதைச் சட்டென்று நிறுத்திக்கொள்ளும். 1948இல் வுல்ஃபும் சைக்கோஃபும் விவரித்த விளைவு அது. சுகமான சுரப்பி இரண்டு கிழமைக்குள் அயடைட்டு இழுக்கும் வழியைக் குறைத்து மீண்டுவிடும். ஹஷிமோட்டோ பிடித்த சுரப்பிக்கு அந்த மீட்சி பல நேரங்களில் வருவதில்லை, ஏற்கனவே மந்தமானது படுத்தே விடும். இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் குளிசையிலும் நிறைய அயடீன் இருக்கிறது, 200 மில்லிகிராம் குளிசையில் 75 மில்லிகிராம். அதை எடுப்பவர்களுக்குத் தைரொயிட் சோதித்துக்கொண்டே இருப்பது இதனால்தான்.

கோவாவும் மரவள்ளியும் பற்றி இவ்வளவு பேச்சு தேவையில்லை. மரவள்ளியின் சயனைட்டை உடம்பு தயோசயனேற்றாக்கும், அது அயடைட்டு நுழையும் அதே வாசலில் போட்டிக்கு நிற்கும். கோவா இனத்திலும் இதுபோன்றவை உண்டு. ஆபிரிக்காவில் மரவள்ளியே மூன்று வேளைச் சாப்பாடாகி, அயடீனும் இல்லாத ஊர்களில் கழலை வந்தது உண்மை. வீட்டில் உரித்து, தண்ணீரில் அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டுக் கட்டைச்சம்பலோடு சாப்பிடும் மரவள்ளிக்கும் கோவா வறைக்கும் அந்தக் கதை பொருந்தாது. அம்மா சாப்பிடட்டும்.

‘எனக்கும் வருமா’ என்றீர்கள். தன்னெதிர்ப்புத் தைரொயிட் நோய் குடும்பத்தில் ஓடும், பெண்களுக்குப் பல மடங்கு அதிகம், ஆனால் அம்மாவுக்கு வந்தால் மகளுக்கு வந்தே தீரும் என்றில்லை. வருடாவருடம் சோதித்துக் காசை விட வேண்டாம். களைப்பு, குளிர் தாங்காமை, மாதவிடாய் மாற்றம் என்று ஏதாவது தெரிந்தால் சோதியுங்கள். பிள்ளைக்கு ஆயத்தமாகும்போது மட்டும் முன்கூட்டியே ஒருமுறை சோதித்துவிடுங்கள். கருவின் சுரப்பி பத்துப் பன்னிரண்டு கிழமையில்தான் வேலையைத் தொடங்கும், சரியாகச் செய்ய ஐந்தாம் மாதமளவில் ஆகும். அதுவரை அதன் மூளை வளர்வது தாயின் ரி-4இல். அந்த மாதங்களில் தாயின் தேவை கால்பங்கு முதல் அரைப்பங்குவரை கூடுகிறது, ஏற்கனவே குளிசை எடுப்பவர் கர்ப்பம் தெரிந்த கையோடு டொக்டருக்குச் சொல்ல வேண்டும், அடுத்த கிளினிக் திகதிவரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. முதல் மூன்று மாதத்தில் கர்ப்ப ஓமோனே தைரொயிட்டைக் கொஞ்சம் தூண்டுவதால் ரி.எஸ்.எச் சற்று இறங்கித் தெரியும். அதைக் கண்டு யாராவது ‘தைரொயிட் கூடியிருக்கு’ என்றால், கர்ப்பகால எல்லையோடு ஒப்பிட்டீர்களா என்று கேளுங்கள்.